போர்முனையிலிருந்து ஒரு வாக்கு: கடிதம் முதல் கைத்தொலைபேசி வரை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் கட்டுரை வடிவம்)



"பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். இன்று நாம் பேசவிருப்பது அந்தப் பழமொழியைக் கேளாமல் படைக்கு முந்திக்கொண்டு போனவர்களைப் பற்றி. நாட்டின் எல்லையில் முதல் ஆளாக நிற்கும் போர்வீரர், தேர்தல் என்று வரும்போது வரிசையின் கடைசியில் நிற்கிறார். பல காலம் அவருக்கு அந்த வரிசையில் இடமே இல்லாமல் இருந்தது. போர் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யும் அரசாங்கத்தைத் தேர்ந்தெடுப்பதில், அந்தப் போரில் உயிரைப் பணயம் வைப்பவருக்குப் பங்கில்லை என்றால் அது எப்படி நியாயமாகும்? வேலைக்காகவும் படிப்புக்காகவும் கடல் கடந்து வாழும் குடிமக்களுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. இளைஞர்கள் அடிக்கடி கேட்பது அது. வங்கிக் கணக்கைக் கைத்தொலைபேசியிலேயே பார்க்கிறோம். மின்கட்டணம் கட்டுகிறோம், விமானச் சீட்டு வாங்குகிறோம். அப்படியிருக்க, ஒரு வாக்கை மட்டும் ஏன் கைத்தொலைபேசியில் அனுப்ப முடியாது? உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்தது, இல்லையா?

நியாயமான கேள்விதான். இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட முடியாது. இந்தக் கேள்வியோடு 160 ஆண்டுகளுக்கும் மேலாக மல்லுக்கட்டி வரும் நாடு அமெரிக்கா. கடிதம், தொலைநகல், இணையம், கைத்தொலைபேசி என்று எல்லாவற்றையும் அது முயன்று பார்த்திருக்கிறது. அந்த அனுபவத்தைப் புரட்டிப் பார்த்தால் நமக்கும் ஒரு தெளிவு கிடைக்கும்.

கூடாரத்தில் ஒரு வாக்குப்பெட்டி

1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. பல இலட்சம் ஆண்கள் ஊரை விட்டுப் போர்க்களத்துக்குப் போனார்கள். அந்தக் காலத்தில் ஒருவர் தம் சொந்த ஊருக்கு நேரில் வந்துதான் வாக்களிக்க வேண்டும். போர்க்களத்தில் இருப்பவர் எப்படி வருவார்? பென்சில்வேனியா மாநிலத்தில் வீரர்கள் முகாமிலிருந்தே வாக்களிக்க வகைசெய்யும் சட்டம் ஒன்று இருந்தது. மாநில அரசமைப்புச் சட்டத்துக்கு அது முரணானது என்று 1862இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு அரசமைப்புச் சட்டத்தையே திருத்தி, 1864இல்தான் அந்த உரிமையை மீட்டார்கள்.

அந்த 1864ஆம் ஆண்டில்தான் அதிபர் தேர்தலும் வந்தது. ஆபிரகாம் லிங்கன் மறுபடியும் போட்டியிட்டார். அவரை எதிர்த்து நின்றவர், வீரர்களின் அன்பைப் பெற்றிருந்த முன்னாள் தளபதி மெக்லெலன். அதற்குள் வடக்கு அணியின் 25 மாநிலங்களில் 19 மாநிலங்கள், வீரர்கள் களத்திலிருந்தே வாக்களிக்கச் சட்டம் செய்திருந்தன. இதற்கு இரண்டு வழிகள் இருந்தன. சில மாநிலங்கள் வாக்குப்பெட்டியையே கூடாரத்துக்கு அனுப்பின. நியூயார்க் போன்ற மாநிலத்தில் வீரர் தம் வாக்குச்சீட்டை உறையிலிட்டு ஊருக்கு அனுப்புவார், ஊரில் உள்ள ஒருவர் அவர் சார்பில் அதைப் பெட்டியில் சேர்ப்பார்.

இந்தியானா மாநிலத்தில் இரண்டு வழியும் இல்லை. ஆகவே லிங்கன் 1864 செப்டம்பர் 19ஆம் நாள் தளபதி ஷெர்மனுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தியானா வீரர்களைப் பாதுகாப்பாக அனுப்ப முடிந்த அளவுக்கு ஊருக்கு அனுப்பி வைக்கும்படி கேட்டுக்கொண்டார். போர் நடந்துகொண்டிருக்கும்போதே வாக்களிக்க விடுப்பு! அந்த அளவுக்கு அந்த வாக்குகள் முக்கியமாக இருந்தன. களத்தில் தனியாக எண்ணப்பட்ட வாக்குகள் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம். அவற்றில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் லிங்கனுக்கே விழுந்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே 1864 அக்டோபரில், நியூயார்க் வீரர்களின் வாக்குகளைச் சேகரிக்கப் போன முகவர்கள் சிலர் கள்ளக் கையெழுத்துப் போட்டு வாக்குகளைத் தயாரித்ததாகக் கைது செய்யப்பட்டு, இராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டார்கள். அதாவது, வாக்கு பயணம் செய்யத் தொடங்கிய காலத்திலேயே வழியில் கைவைக்கவும் ஆள் வந்துவிட்டது. வாக்காளர் கைக்கும் வாக்குப்பெட்டிக்கும் நடுவே இன்னொரு கை நுழைந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அன்றே பிறந்தது. இன்றைக்கும் நாம் கேட்டுக்கொண்டிருப்பது அதே கேள்விதான். கை மட்டும் மாறியிருக்கிறது.

யாருடைய வாக்கு?

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1942 செப்டம்பரில் வீரர்கள் வாக்களிப்புச் சட்டம் நிறைவேறியது. போர்க்காலத்தில் வீரர்கள் முன்கூட்டிப் பதிவு செய்யாமலே கூட்டரசுப் பதவிகளுக்கு வாக்களிக்கலாம், தென் மாநிலங்கள் சிலவற்றில் வாக்களிக்கக் கட்ட வேண்டியிருந்த வரியையும் அவர்கள் கட்ட வேண்டியதில்லை என்றது சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் நவம்பர் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தன. படையில் மில்லியன் கணக்கில் ஆட்கள் இருந்தும், அந்தச் சட்டத்தின் கீழ் பதிவான வாக்குகள் 28,000 அளவில்தான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

1944இல் மறுபடியும் அதிபர் தேர்தல். நாடு முழுவதற்கும் ஒரே மாதிரியான கூட்டரசு வாக்குச்சீட்டை எல்லா வீரர்களுக்கும் அனுப்ப வேண்டும் என்று அதிபர் ரூஸ்வெல்ட் வாதாடினார். தென் மாநிலங்களைச் சேர்ந்த அரசியல்வாதிகள் கடுமையாக எதிர்த்தார்கள். தேர்தலை நடத்துவது மாநிலங்களின் உரிமை என்பது அவர்கள் வெளியே சொன்ன காரணம். கறுப்பின வீரர்கள் வாக்களித்துவிடுவார்களே என்ற அச்சம் அதற்குள்ளே இருந்தது. ஊரில் வரி போட்டும் மிரட்டியும் தடுத்து வைத்திருந்த வாக்கு, போர்க்களத்தின் வழியாக வந்து சேர்ந்துவிடக் கூடாது என்று நினைத்தார்கள்.

மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டுவிடும் மாற்றுத் திட்டத்தை, வீரர்களுக்கு இழைக்கும் மோசடி என்றே ரூஸ்வெல்ட் சாடினார். கடைசியில் ஒரு சமரசச் சட்டம் வந்தது. அதிபர் அதில் கையெழுத்திடவில்லை. அவர் கையெழுத்து இல்லாமலே 1944 ஏப்ரல் முதல் நாள் அது சட்டமானது. மாநில ஆளுநர் ஒப்புதல் தந்தால்தான் கூட்டரசு வாக்குச்சீட்டு செல்லும் என்றது அந்தச் சட்டம். பாதிக்கும் குறைவான மாநிலங்களே ஒப்புதல் தந்தன. இருந்தாலும் மாநிலங்களின் சொந்த வாக்குச்சீட்டுகள் வழியாகப் பெரும்பாலும், ஏறத்தாழ 2.6 மில்லியன் வீரர்கள் அந்த ஆண்டு வாக்களித்தார்கள்.

தூரம் மட்டும்தான் வீரரின் வாக்கைத் தடுத்தது என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அரசியல் விருப்பம் இல்லாத இடத்தில் எந்தத் தொழில்நுட்பமும் உதவாது. விருப்பம் இருந்தால் சாதாரணத் தபாலிலேயே மில்லியன் கணக்கான வாக்குகள் வந்து சேரும்.

மூன்று பயணம் போகும் கடிதம்

போர் முடிந்த பிறகு சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1955இல் கூட்டரசு வாக்களிப்பு உதவிச் சட்டம் நிறைவேறியது. 1975இல் வெளிநாட்டில் வாழும் சாதாரணக் குடிமக்களுக்கும் கூட்டரசுத் தேர்தல்களில் வாக்களிக்கும் உரிமை உறுதியானது. 1986இல் அதிபர் ரீகன் காலத்தில் இரண்டையும் ஒன்றாக்கி ஒரே சட்டம் ஆக்கினார்கள். படையினர், அவர்களின் குடும்பத்தினர், வெளிநாட்டுவாழ் குடிமக்கள் ஆகியோரின் வாக்குரிமைக்கு இன்றைக்கும் அடித்தளமாக இருப்பது இந்த 1986ஆம் ஆண்டுச் சட்டம். உரிய வாக்குச்சீட்டு நேரத்துக்கு வந்து சேராவிட்டால், வேட்பாளர் பெயரைத் தாமே எழுதி அனுப்பும் அவசரகால வாக்குச்சீட்டுக்கும் அது வழிசெய்தது.

உரிமை காகிதத்தில் வந்துவிட்டது. நடைமுறையில் என்ன ஆனது? தபால் வாக்கு மூன்று முறை பயணம் போக வேண்டும். வாக்குச்சீட்டு வேண்டும் என்ற விண்ணப்பம் ஊருக்குப் போக வேண்டும். வெற்று வாக்குச்சீட்டு ஊரிலிருந்து வர வேண்டும். நிரப்பிய சீட்டு மறுபடியும் ஊருக்குப் போய்ச் சேர வேண்டும். கப்பலில் இருக்கும் மாலுமிக்கோ மலைமுகட்டில் காவல் நிற்கும் வீரருக்கோ ஒவ்வொரு பயணமும் வாரக்கணக்கில் ஆகும். கடிதம் ஒரு முகாமுக்கு வந்து சேரும்போது படை அடுத்த முகாமுக்குப் போயிருக்கும்.

தொலைபேசிக் கம்பி வழியே

இந்த இடத்தில்தான் தொலைபேசி உள்ளே வருகிறது. 1990இல் ஈராக், குவைத்தைக் கைப்பற்றியதைத் தொடர்ந்து பல இலட்சம் அமெரிக்க வீரர்கள் வளைகுடாவுக்கு அனுப்பப்பட்டார்கள். நவம்பரில் தேர்தல். தபாலை நம்பினால் காலம் போதாது. ஆகவே வாக்காளர் உதவித் திட்டத்தை நடத்தும் அமெரிக்கத் தற்காப்பு அமைச்சு, தொலைநகல் வழியாக வாக்களிப்பு ஆவணங்களை அனுப்பும் சேவையைத் தொடங்கியது. தொலைநகல் என்பது தொலைபேசிக் கம்பியில் ஓடும் காகிதம்தானே! வாரக்கணக்கில் ஆன பயணம் சில நிமிடங்களில் முடிந்தது.

இது பெரிய முன்னேற்றம். ஆனால் இதற்கு ஒரு விலையும் இருந்தது. நிரப்பிய வாக்குச்சீட்டைத் தொலைநகலில் அனுப்பினால், அடுத்த முனையில் அதை எடுப்பவர் அதைப் பார்ப்பார். யார் யாருக்கு வாக்களித்தார் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். ஆகவே பல மாநிலங்கள், "என் வாக்கின் இரகசியத்தை நான் விட்டுக்கொடுக்கிறேன்" என்று வாக்காளரிடமே எழுதி வாங்கின. பின்னாளில் மின்னஞ்சல் வந்தபோதும் இதே ஏற்பாடு தொடர்ந்தது. இரகசிய வாக்கெடுப்பு என்பது மக்களாட்சியின் உயிர்நாடி. அதை விட்டுக்கொடுத்தால்தான் வாக்களிக்க முடியும் என்று ஒரு வீரரிடம் சொல்வது சங்கடமான நிலைதான்.

537 வாக்குகள்

வெளிநாட்டிலிருந்து வரும் வாக்குகள் எண்ணிக்கையில் குறைவு, அவை முடிவை மாற்றிவிடுமா என்று சிலர் அலட்சியமாகக் கேட்பதுண்டு. அவர்களுக்கு 2000ஆம் ஆண்டு பதில் சொன்னது. அந்த ஆண்டு அதிபர் தேர்தலின் முடிவு புளோரிடா என்ற ஒரே மாநிலத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வெளிநாட்டு வாக்குகள் எண்ணப்படுவதற்கு முன் ஜார்ஜ் புஷ் 300 வாக்குகள்தான் முன்னணியில் இருந்தார். அவை எண்ணப்பட்ட பிறகு அது 930 ஆனது. மறுஎண்ணிக்கை வழக்குகளெல்லாம் முடிந்து, கடைசியில் அதிகாரபூர்வமாக நின்ற வித்தியாசம் 537.

படையினரின் உறைகள் பலவற்றில் தபால் முத்திரையே இல்லை. முத்திரை இல்லாத வாக்கு செல்லுமா, செல்லாதா? ஒரு தரப்பு சட்டத்தைக் காட்டியது. மறுதரப்பு வீரர்களின் தியாகத்தைக் காட்டியது. உலகின் மிகப் பெரிய வல்லரசின் தலைவர் யார் என்பது ஒரு தபால் முத்திரையைச் சுற்றிய சண்டையாகிப் போனது. போர்க்கப்பலில் முத்திரை குத்துவதும் குத்தாததும் அந்த வீரரின் கையிலா இருக்கிறது?

84 வாக்குகளும் ஒரு பாட்டும்

அதே 2000ஆம் ஆண்டில் அமெரிக்கத் தற்காப்பு அமைச்சு இன்னொரு சோதனையும் நடத்தியது. இணையம் வழியாக நேரடியாக வாக்களிக்கும் முன்னோடித் திட்டம் அது. நான்கு மாநிலங்களைச் சேர்ந்த வாக்காளர்கள் அதில் பங்கேற்றார்கள். பதிவான வாக்குகள் 84. செலவு 6.2 மில்லியன் டாலர். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு வாக்குக்கு ஏறக்குறைய 74,000 டாலர் வருகிறது.

அடுத்து 2004ஆம் ஆண்டுத் தேர்தலுக்காக 22 மில்லியன் டாலர் செலவில் இன்னும் பெரிய இணைய வாக்களிப்புத் திட்டத்தைத் தயாரித்தார்கள். ஓர் இலட்சம் வாக்குகள் வரை எதிர்பார்த்தார்கள். திட்டத்தைப் பரிசீலிக்க அழைக்கப்பட்ட கணினிப் பாதுகாப்பு நிபுணர்களில் நால்வர், 2004 ஜனவரியில் ஓர் அறிக்கையை வெளியிட்டார்கள். இணையத்தின் அமைப்பிலும், வாக்காளர் வீட்டுக் கணினியிலும் உள்ள பலவீனங்களை இந்தத் திட்டத்தால் சரிசெய்ய முடியாது, இதைக் கைவிடுங்கள் என்று சொன்னார்கள். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

நிபுணர்கள் சும்மா பயமுறுத்துகிறார்களோ என்று சிலருக்குத் தோன்றியிருக்கலாம். 2010இல் அதற்கும் விடை கிடைத்தது. வாஷிங்டன் தலைநகர நிர்வாகம், வெளிநாட்டு வாக்காளர்களுக்காக ஓர் இணைய வாக்களிப்பு முறையை உருவாக்கியது. தேர்தலுக்கு முன், "முடிந்தால் இதை உடைத்துப் பாருங்கள்" என்று பொதுமக்களுக்கு அழைப்பு விடுத்தது. அந்தத் துணிச்சலையும் நேர்மையையும் பாராட்ட வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மனும் அவர் மாணவர்களும் 48 மணி நேரத்துக்குள் உள்ளே புகுந்துவிட்டார்கள். பதிவாகியிருந்த சோதனை வாக்குகள் எல்லாவற்றையும் மாற்றினார்கள். வாக்களித்தவர்களுக்குத் தங்கள் பல்கலைக்கழகத்தின் பாட்டு ஒலிக்கும்படியும் செய்துவிட்டுப் போனார்கள். அந்தப் பாட்டு ஒலித்தும்கூட அதிகாரிகளுக்கு விஷயம் தெரிய ஏறக்குறைய இரண்டு நாள் ஆனது. பாட்டுப் போடாத திருடன் வந்திருந்தால்?

நிர்வாகம் பாடம் கற்றுக்கொண்டது. நிரப்பிய வாக்குச்சீட்டை இணையத்தில் திருப்பி அனுப்பும் வசதியை நீக்கியது. வெற்று வாக்குச்சீட்டை இணையத்தில் பெற்றுக்கொள்ளும் வசதியை மட்டும் வைத்துக்கொண்டது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் தேடும் விடை இதில்தான் இருக்கிறது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2009 அக்டோபரில், அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட ஒரு சட்டமும் இதே பாதையில்தான் போனது. கூட்டரசுத் தேர்தல்களில் வெளிநாட்டு வாக்காளருக்கும் படையினருக்கும் வாக்குச்சீட்டு குறைந்தது 45 நாட்களுக்கு முன்பே அனுப்பப்பட வேண்டும், வேண்டியவர்களுக்கு வெற்று வாக்குச்சீட்டை மின்னியல் வழியில் தர வேண்டும் என்றது அச்சட்டம். மூன்று பயணங்களில் இரண்டு இதனால் நொடியில் முடிந்தன. மூன்றாவது பயணத்துக்குக் காலம் கிடைத்தது.

கைத்தொலைபேசியில் வாக்கு

இனி கைத்தொலைபேசிக்கு வருவோம். 2002 மே மாதம் பிரிட்டனில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில், லிவர்பூல், ஷெபீல்ட் நகரங்களின் சில தொகுதிகளில் குறுஞ்செய்தி வழியாகவும் தொலைபேசி வழியாகவும் வாக்களிக்க விட்டுப் பார்த்தார்கள். மின்னியல் வாக்களிப்புச் சோதனைகள் அங்கே 2007 வரை தொடர்ந்தன. அதற்குப் பிறகு நின்றுபோயின.

அமெரிக்காவில் கைத்தொலைபேசியில் வாக்களிக்கும் சோதனையில் முன்னே நின்றது மேற்கு வர்ஜீனியா மாநிலம். அதன் அப்போதைய மாநிலச் செயலாளர் மேக் வார்னர், ஆப்கானிஸ்தானில் பணியாற்றிய முன்னாள் இராணுவ அதிகாரி. படையினரின் சிரமம் அவருக்குப் புதிதல்ல. 2018 மே மாதம் நடந்த உட்கட்சித் தேர்தலில் இரண்டு மாவட்டங்களில் தொடங்கினார்கள். பிறகு அதே ஆண்டு நவம்பரில் மாநிலத்தின் 55 மாவட்டங்களில் 24 சேர்ந்தன. வெளிநாடுகளில் இருந்த 144 பேர் தங்கள் கைத்தொலைபேசியிலேயே வாக்களித்தார்கள்.

எப்படி? "வோட்ஸ்" என்ற பாஸ்டன் நிறுவனத்தின் செயலியை வாக்காளர் தம் கைத்தொலைபேசியில் பதிவிறக்கம் செய்வார். அடையாள ஆவணத்தைப் படம் எடுப்பார். தம் முகத்தையும் காணொளியாக எடுத்து அனுப்புவார். விரல்ரேகையாலோ முகத்தாலோ திறந்து, வாக்குச்சீட்டைத் திரையில் நிரப்புவார். அந்த வாக்கு "பிளாக்செயின்" எனும் முறையில் பல கணினிகளில் பதிந்து வைக்கப்படும். பிறகு தேர்தல் அலுவலகத்தில் அது காகிதத்தில் அச்சாகி மற்ற வாக்குகளோடு எண்ணப்படும். பயன்படுத்திய வீரர்களுக்கு இது வசதியாகவே இருந்தது. அதை நாம் மறுக்கக் கூடாது. 2019இல் டென்வர் நகரமும் இதே செயலியைச் சோதித்துப் பார்த்தது.

2020 பிப்ரவரியில் எம்.ஐ.டி. எனப்படும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் மூவர், அந்தச் செயலியைப் பிரித்து ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டார்கள். வாக்காளரின் கைத்தொலைபேசியையோ நிறுவனத்தின் கணினியையோ ஒருவர் கைப்பற்றினால், வாக்கைப் பார்க்கலாம், தடுக்கலாம், மாற்றலாம் என்று அவர்கள் கண்டார்கள். பிளாக்செயினில் போய்ச் சேர்ந்த பிறகு வாக்கு பத்திரமாக இருக்கலாம். அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பே அதை மாற்றிவிட்டால் என்ன செய்வது? பூட்டு உறுதியாக இருக்கிறது, கதவு திறந்து கிடக்கிறது என்ற கதைதான். நிறுவனம் அந்த ஆய்வை மறுத்தது. ஆனால் அடுத்த மாதம் வெளிவந்த இன்னொரு பாதுகாப்புத் தணிக்கையும் கடுமையான குறைகளைப் பட்டியலிட்டது. மேற்கு வர்ஜீனியா அந்தச் செயலியைக் கைவிட்டு வேறு முறைக்கு மாறியது.

அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2018இல் வெளியிட்ட அறிக்கையும் இதையேதான் சொன்னது. நிரப்பிய வாக்குச்சீட்டை இணையம் வழியாகத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அதன் பரிந்துரை. இருந்தும் அமெரிக்காவில் ஏறத்தாழ 30 மாநிலங்கள் படையினரில் ஒரு பகுதியினருக்காவது தொலைநகல், மின்னஞ்சல், இணையம் ஆகியவற்றில் ஏதோ ஒன்றின் வழியாக வாக்கைத் திருப்பி அனுப்ப இடம் தருகின்றன. ஆபத்து தெரிந்தும் ஏன் தருகிறார்கள்? வேறு வழியில்லாத வீரர் ஒருவர் எங்கோ இருக்கிறார் என்பதால்தான். நிபுணர்களின் எச்சரிக்கையும் உண்மை, அந்த வீரரின் தேவையும் உண்மை.

வங்கி வேறு, வாக்கு வேறு

சரி, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். பணத்தையே நம்பி ஒப்படைக்கும் கைத்தொலைபேசியிடம் வாக்கை ஏன் ஒப்படைக்கக் கூடாது?

வங்கியில் நீங்கள் யார், எவ்வளவு அனுப்பினீர்கள், யாருக்கு அனுப்பினீர்கள் என்று எல்லாமே பதிவாகும். தவறு நடந்தால் மாதக் கணக்கறிக்கையில் தெரியும். புகார் செய்தால் பதிவைப் பார்த்துச் சரிசெய்யலாம். நட்டம் வந்தால் வங்கி ஈடுகட்டும். வாக்கு அப்படியல்ல. வாக்களித்தவர் யார் என்பது தெரிய வேண்டும், ஆனால் அவர் யாருக்கு வாக்களித்தார் என்பது யாருக்கும் தெரியக் கூடாது. இரண்டையும் பிரித்துவிட்ட பிறகு, வழியில் வாக்கு மாறிவிட்டதா என்று எதை வைத்துச் சரிபார்ப்பது? வங்கி போல வாக்குக்கும் முழு ரசீது கொடுக்கலாமே என்றால், அந்த ரசீதைக் காட்டி வாக்கை விற்கலாம். "ரசீதைக் காட்டு" என்று முதலாளியோ தளபதியோ மிரட்டவும் செய்யலாம். படையில் மேலதிகாரியின் சொல்லுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பது நமக்குத் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. தபால் வாக்கில் மோசடி செய்பவர் ஒவ்வோர் உறையாகத்தான் திருட முடியும். 1864இல் அந்த முகவர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. கணினியில் புகுந்தவர் ஒரே இடத்தில் இருந்துகொண்டு எல்லா வாக்குகளையும் மாற்றலாம். வாஷிங்டன் சோதனை காட்டியது அதைத்தான்.

மற்ற நாடுகள்

அப்படியானால் எந்த நாடும் இதில் வெற்றி பெறவில்லையா? எஸ்தோனியா என்ற சிறிய நாடு 2005 முதல் இணைய வாக்களிப்பை நடத்தி வருகிறது. 2011 முதல் கைத்தொலைபேசியின் சிம் அட்டையையே அடையாள அட்டையாகப் பயன்படுத்தவும் இடம் தந்தது. 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கும் சற்று அதிகமான வாக்குகள் இணையத்திலேயே பதிவாயின. அதன் பின்னால், குடிமக்களிடம் பரவலாகப் புழங்கும் மின்னியல் அடையாள அட்டை இருக்கிறது. யாராவது வற்புறுத்தி வாக்களிக்க வைத்தால், பிறகு மறுபடியும் வாக்களித்து மாற்றிக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கிறது. நோர்வே 2011, 2013 தேர்தல்களில் இணைய வாக்கைச் சோதித்தது. வாக்கு சரியாகப் பதிவானதா என்பதை உறுதிப்படுத்த வாக்காளரின் கைத்தொலைபேசிக்கு ஒரு குறியீட்டைக் குறுஞ்செய்தியாக அனுப்பியது. நல்ல யோசனைதான். ஆனாலும் 2014இல் அந்தச் சோதனையை நிறுத்திவிட்டது.

ஆஸ்திரேலியா 2007இல் ஈராக், ஆப்கானிஸ்தான் உள்ளிட்ட இடங்களில் இருந்த தன் வீரர்களுக்கு மின்னியல் வாக்களிப்பைச் சோதித்தது. சுமார் 1,500 பேர் வாக்களித்தார்கள். செலவு ஒரு வாக்குக்கு ஆயிரம் வெள்ளியைத் தாண்டியது. திட்டம் தொடரவில்லை. அதே ஆஸ்திரேலியா, பார்வையற்றவர்களுக்கு 2013இலிருந்து சாதாரணத் தொலைபேசி வாக்கை வழங்கி வருகிறது. வாக்காளர் முன்கூட்டியே பதிந்துகொண்டு ஓர் எண்ணைப் பெறுவார். அழைக்கும்போது பெயரைச் சொல்ல மாட்டார், எண்ணை மட்டும் சொல்வார். ஓர் அதிகாரி வாக்குச்சீட்டை நிரப்புவார், இன்னொரு அதிகாரி அதைச் சரிபார்ப்பார். எளிய ஏற்பாடு. ஆனால் வாக்கு காகிதத்தில் நிற்கிறது, அதற்கு ஒரு சாட்சியும் இருக்கிறது.

நம் பக்கம் என்ன நிலை?

மலேசியாவில் படையினருக்கு நெடுங்காலமாகத் தபால் வாக்கு இருந்தது. 2013 பொதுத் தேர்தலில் படையினரும் போலீசாரும் முன்கூட்டியே வாக்களிக்கும் முறை வந்தது. வெளிநாட்டுவாழ் மலேசியர்களுக்குத் தபால் வாக்கு விரிவாக்கப்பட்டதும் அந்த ஆண்டில்தான். அதற்கு முன் அரசாங்க ஊழியர், மாணவர் போன்ற சிலருக்கே அந்த வாய்ப்பு இருந்தது. 2013 விதிகளிலும் சிங்கப்பூரில் இருப்பவர்கள் சேர்க்கப்படவில்லை. அவர்கள் பேருந்து ஏறி, பாலத்தைக் கடந்து, ஊருக்குப் போய் வாக்களித்தார்கள்.

2018 பொதுத் தேர்தலை நினைத்துப் பாருங்கள். வேட்புமனுத் தாக்கல் ஏப்ரல் 28, வாக்களிப்பு மே 9. இடையில் 11 நாட்கள். வேட்பாளர் பெயர் உறுதியான பிறகுதான் வாக்குச்சீட்டு அச்சாகும். அது கடல் கடந்து போய், நிரப்பப்பட்டு, வாக்களிப்பு நாள் மாலை ஐந்து மணிக்குள் திரும்பி வர வேண்டும். அமெரிக்கச் சட்டம் 45 நாட்கள் தருகிறது. நாம் கொடுத்தது 11! பலருக்குச் சீட்டு கடைசி நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தது. அப்போது முன்பின் தெரியாதவர்கள் கைத்தொலைபேசியில் செய்தி பரப்பி ஒருவரையொருவர் கண்டுபிடித்தார்கள். விமான நிலையங்களில் வாக்கு உறைகளைச் சேகரித்தார்கள். ஊருக்குப் பறப்பவர்கள் அவற்றைக் கையோடு சுமந்து வந்து சேர்த்தார்கள். மனம் நெகிழ வைக்கும் செய்திதான். ஆனால் ஒரு குடிமகனின் வாக்கு, அறிமுகமில்லாத பயணியின் நல்ல மனத்தை நம்பியிருக்கலாமா? 2022இலும் இடைவெளி 14 நாட்கள்தான்.

சிங்கப்பூரில் வெளிநாட்டு வாக்களிப்புக்கு 2001இல் சட்டம் வந்தது. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு பாதுகாப்புக் கருதி அந்த ஆண்டுத் தேர்தலில் அது நடைபெறவில்லை. 2006இல்தான் தூதரகங்களில் வாக்களிப்பு தொடங்கியது. 2023 அதிபர் தேர்தலில் தபால் வாக்கும் சேர்ந்தது. அதன் அமைப்பைக் கவனியுங்கள். பதிந்துகொண்ட வாக்காளர் தேர்தல் துறையின் இணையத்தளத்திலிருந்து வாக்குச்சீட்டையும் உறையையும் பெற்று, தாமே அச்சிட்டு, நிரப்பி, தபாலில் அனுப்ப வேண்டும். வாக்களிப்பு நாளுக்கு முன் தபால் முத்திரை விழுந்திருந்தால், அதற்குப் பின் பத்து நாள் வரை வந்து சேரலாம். போகும் பயணம் மின்னலில், திரும்பும் பயணம் காகிதத்தில்.

நேயர்களே, 160 ஆண்டுகால அனுபவத்தின் சாரமும் அதுவே என்று நான் கருதுகிறேன். தகவல் தரவும், பதிவு செய்யவும், வெற்று வாக்குச்சீட்டை அனுப்பவும், உறை எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று காட்டவும் கைத்தொலைபேசியை இன்றே தாராளமாகப் பயன்படுத்தலாம். நிரப்பிய வாக்கைத் திருப்பி அனுப்புவதற்கு மட்டும், மறுபடி எண்ணிப் பார்க்கக்கூடிய ஒரு காகிதம் கையில் இருக்கட்டும். அதற்குத் தேவை புதிய செயலி அல்ல. தேவைப்படுவது நாட்கள். வேட்புமனுத் தாக்கலுக்கும் வாக்களிப்புக்கும் இடையே இன்னும் சில வாரங்கள் கொடுத்தாலோ, முத்திரை விழுந்த உறைக்குச் சில நாட்கள் பொறுத்திருந்தாலோ, எத்தனையோ வாக்குகள் உயிர் பெறும். இதைச் செய்ய எந்த நிறுவனத்துக்கும் மில்லியன் கணக்கில் பணம் கொடுக்க வேண்டியதில்லை. நாடாளுமன்றமும் தேர்தலை நடத்துபவர்களும் மனம் வைத்தால் போதும்.

அந்த மனம் தானாக வராது. கேட்டால்தான் வரும். உங்கள் வீட்டுப் பிள்ளை வெளிநாட்டில் படித்துக்கொண்டிருக்கலாம். உங்கள் தம்பி அமைதிகாக்கும் படையோடு எங்கோ ஒரு பாலைவனத்தில் இருக்கலாம். அடுத்த தேர்தலுக்குள் அவர்கள் பதிந்துகொண்டார்களா என்று இன்று இரவே கைத்தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரைச் சந்திக்கும்போது, அவர்களுக்கு எத்தனை நாட்கள் கொடுக்கப்போகிறீர்கள் என்று அவரிடமும் கேளுங்கள்.